சுமை தூக்குபவரின் வேலை சுழியா?

பள்ளி இயற்பியலில் தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கப்பட்டுவரும் வீட்டுப்பாடக் கணக்கு ஒன்று உண்டு. 50 கிலோகிராம் மூட்டையைத் தலையில் ஏந்தி ஒருவர் சமதளத்தில் 20 மீட்டர் நடக்கிறார்; புவியீர்ப்புக்கு எதிராக அவர் செய்த வேலை எவ்வளவு? விடை சுழி. விசை மேல்நோக்கி, இடப்பெயர்ச்சி கிடைமட்டத்தில், இரண்டுக்கும் இடையே 90 பாகை, கோசைன் 90 சுழி. மாணவர்கள் சிரிப்பார்கள். ஆசிரியரும் புன்னகையோடு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். மதிப்பெண் கிடைத்துவிடும்.

இந்தக் கணக்கைப் புணேக்கு வடக்கே, நாசிக் நெடுஞ்சாலையில் இருக்கும் சாகணின் வெங்காயச் சந்தையில் வைத்துச் சொல்லிப் பார்க்க வேண்டும். அங்கே மூட்டை சுமப்பவருக்கு மராத்தியில் 'மாத்தாடி' என்று பெயர். தலையைக் குறிக்கும் 'மாத்தா' என்ற சொல்லிலிருந்து வந்தது. அவர்களுடைய வேலையை வேலை என்று ஒப்புக்கொள்ளவைக்க பாபா ஆடாவ் போன்றோர் புணேயில் ஹமால் பஞ்சாயத்தைக் கட்டி எழுப்ப வேண்டியிருந்தது. மகாராஷ்டிரத்தில் 1969இல் தனிச்சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. அந்தச் சந்தையிலிருந்து நடக்கும் தொலைவில் உள்ள பள்ளியில், அந்தத் தொழிலாளியின் மகளுக்குக் கற்பிக்கப்படுவது: உன் தகப்பனார் செய்த வேலை சுழி.

இதில் உணர்ச்சிவசப்பட என்ன இருக்கிறது, 'வேலை' என்பது இயற்பியலில் ஒரு கலைச்சொல், அதற்கும் அன்றாடச் சொல்லுக்கும் தொடர்பில்லை என்று உடனே பதில் வரும். அந்தப் பதில் வரலாற்றுப்படியே தவறு. இக்கலைச்சொல் வானத்திலிருந்து விழவில்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், மின்னூட்ட விதியால் இன்று அறியப்படும் அதே கூலும், சுமை தூக்குவோரும் படியேறுவோரும் ஒரு நாளில் எவ்வளவு செய்ய முடியும் என்று அளந்து எழுதினார். 1829இல் கொரியோலி தம் எந்திரவியல் நூலில் இந்த அளவுக்கு, உழைப்பைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லையே பெயராக இட்டார். கூலிக்காரரின் முதுகிலிருந்தும் நீராவி எந்திரத்தின் தண்டிலிருந்தும் அளந்தெடுத்த கருத்து அது. அந்தப் பிறப்புச் சான்றிதழைக் கிழித்துப் போட்டுவிட்டு, அதே கருத்தை வைத்து அதே கூலிக்காரரைப் பார்த்து வகுப்பறை சிரிக்கிறது.

விடை தவறு என்பதல்ல வாதம். மூட்டையின் மீது அவர் செலுத்தும் மேல்நோக்கிய விசை, கிடைமட்ட நடையில் வேலை எதுவும் செய்வதில்லை என்பது சரியே. அதிலேயே கணக்கு முடிந்துவிட்டதாகப் பாவிப்பதுதான் பிழை. மேற்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். அதே தொழிலாளி 50 கிலோகிராம் மூட்டைகளை 1.5 மீட்டர் உயரமுள்ள லாரித் தளத்துக்கு ஏற்றுகிறார் என்று கொள்வோம். ஒரு மூட்டைக்கு 735 ஜூல். நாளொன்றுக்கு 200 மூட்டை என்றால் 1,47,000 ஜூல். கிலோகலோரிக் கணக்கில் 35. இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையில் இருப்பது ஏறத்தாழ அவ்வளவுதான். இருநூறு மூட்டை ஏற்றியவரின் உடல் அன்று கேட்கும் உணவோ ஆயிரக்கணக்கான கிலோகலோரி. மீதி எங்கே போயிற்று?

இதுதான் வீட்டுப்பாடமாக இருக்க வேண்டிய கேள்வி. இதற்கு விடை தேடும் மாணவர், தசை உணவின் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குக்குமேல் இயக்கவேலையாக மாற்றுவதில்லை என்பதைக் கண்டுகொள்வார். மூட்டையோடு தன் உடலையும் அவர் குனிந்து நிமிர்த்துகிறார் என்பது பிடிபடும். சுமையை அசையாமல் தாங்கி நிற்கும்போதும் தசைநார்கள் இழுத்து விட்டு இழுத்து ஆற்றலைச் செலவழித்துக்கொண்டே இருக்கின்றன, அது வெப்பமாய் வெளியேறுகிறது என்பதும் தெரியவரும். 'சுழி' என்ற விடை, எதன் மீது எது செய்த வேலை என்ற எல்லைக்கோட்டைப் பொறுத்தது என்பதும் விளங்கும். ஆற்றல் அழிவின்மை விதியை அவர் முதல்முறையாகப் பயன்படுத்தியிருப்பார். கோசைன் 90ஐ எழுதியவர் அதைத் தொடவேயில்லை.

கணக்குப் போடப்போட இயற்பியல் வந்துவிடும் என்பது இந்நாட்டின் அசைக்க முடியாத நம்பிக்கைகளுள் ஒன்று. பயிற்சி மையங்கள் அதன் மீதுதான் கட்டடம் எழுப்பியிருக்கின்றன. 2002இல் கொரிய ஆய்வாளர்கள் கிம், பாக் இருவரும் வெளியிட்ட ஆய்வு, அதன் தலைப்பிலேயே முடிவைச் சொல்லிவிட்டது: வழக்கமான கணக்குகளை ஆயிரம் போட்டாலும் கருத்துக் குழப்பங்கள் தீர்வதில்லை. சராசரியாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட கணக்குகளைப் போட்டிருந்த மாணவர்களிடம், விசை பற்றியும் இயக்கம் பற்றியும் எளிய கேள்விகளைக் கேட்டார்கள். போட்ட கணக்குகளின் எண்ணிக்கைக்கும் புரிதலுக்கும் சொல்லத்தக்க தொடர்பு தென்படவில்லை. அதற்கு முன்பே, 1981இல் சீ, ஃபெல்டோவிச், கிளேசர் ஆகியோர் கணக்குகளை வகைப்படுத்தச் சொல்லிப் பார்த்தார்கள். தொடக்கநிலை மாணவர்கள் 'சாய்தளக் கணக்கு', 'சுருள்வில் கணக்கு' என்று படத்தைப் பார்த்துப் பிரித்தார்கள். துறை அறிஞர்கள் 'ஆற்றல் அழிவின்மைக் கணக்கு', 'இரண்டாம் விதிக் கணக்கு' என்று விதியைப் பார்த்துப் பிரித்தார்கள். நம் வழிகாட்டி நூல்கள் எப்படிப் பிரித்திருக்கின்றன என்று ஒருமுறை புரட்டிப் பார்த்தால் போதும். சாய்தளம் ஓரிடம், கப்பி ஓரிடம், மின்தூக்கி ஓரிடம். தொடக்கநிலை மாணவரின் மனத்தை அப்படியே அச்சடித்து, அதை நிபுணத்துவம் என்று விற்கிறார்கள்.

இத்தகைய கணக்குகளின் இன்னொரு பொய், தேவையான எண்களை மட்டுமே தருவது. ஒன்று கூடாது, ஒன்று குறையாது. மூன்று எண்கள் கொடுக்கப்பட்டால், அம்மூன்றும் பொருந்தும் சூத்திரம் எது என்று தேடினால் போதும். வாக்கியத்தைப் படிக்கவே வேண்டாம். உண்மை உலகம் அப்படி எண்களைப் பரிமாறுவதில்லை. 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்காப் மோதல் சோதனையில், கார் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், நசுங்கும் தடுப்பொன்றில் மோதவிடப்படுகிறது. நொடிக்கு 17.8 மீட்டர். அதாவது 16 மீட்டர் உயரத்திலிருந்து, ஐந்து மாடிக் கட்டடத்தின் மேலிருந்து, விழுவதற்குச் சமம்; காரின் நிறை எதுவாயினும் இந்த உயரம் மாறாது. 'உள்ளே இருப்பவர் மீது செயல்படும் விசை என்ன?' என்று கேட்டால் உடனே விடை சொல்ல முடியாது. அவர் எவ்வளவு தொலைவுக்குள் நிறுத்தப்படுகிறார் என்று திருப்பிக் கேட்க வேண்டும். 60 சென்டிமீட்டருக்குள் என்றால் சராசரியாகப் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 27 மடங்கு. 6 சென்டிமீட்டருக்குள் என்றால் 270 மடங்கு. காரின் முகப்பு நசுங்குவதும் இருக்கைப்பட்டை சற்று நெகிழ்வதும் அந்தத் தொலைவை வாங்கித் தருவதற்குத்தான். பஜாஜ், மஹிந்திரா, ஃபோக்ஸ்வாகன், மெர்சிடிஸ் பென்ஸ் என்று வாகன ஆலைகள் நிறைந்த சாகணில் வளரும் ஒரு மாணவருக்கு, விடுபட்ட எண்ணைத் திருப்பிக் கேட்கும் பழக்கத்தை எந்த வீட்டுப்பாடமும் கற்றுத் தருவதில்லை.

மொழிப் பிரச்சினைக்கு வரலாம். தமிழ் வழியிலோ மராத்தி வழியிலோ படித்தவர்களுக்கு இயற்பியல் கணக்குகள் வராததற்குக் கலைச்சொற்களே காரணம் என்று கல்விப்புலத்தில் பலர் நம்புகிறார்கள். ஒரு தரப்பு, சொற்கள் கடினம், ஆங்கிலத்தையே வைத்துக்கொள்ளலாம் என்கிறது. எதிர்த் தரப்பு, இன்னும் நல்ல சொற்களைப் படைத்தால் தீரும் என்கிறது. இரு தரப்பும் ஒரே தவறைச் செய்கின்றன. மகாராஷ்டிரம் 'செமி இங்கிலீஷ்' என்ற பெயரில் மராத்திப் பள்ளிகளிலேயே கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் நடத்திப் பார்க்கிறது. தமிழ்நாட்டில் நிறை என்றால் பொருளின் அளவு, எடை என்றால் புவி அதை இழுக்கும் விசை. இலங்கைத் தமிழ்ப் பாடநூலில் முன்னது திணிவு. பின்னதற்குத்தான் நிறை என்று பெயர். தமிழ்நாட்டில் வேகம் திசையற்றது, திசையோடு சொன்னால் திசைவேகம். இலங்கையிலோ வேகம் என்றாலே திசையுடையது, திசையற்றது கதி. இங்கே முடுக்கம், அங்கே ஆர்முடுகல். அங்கே சக்தி என்றால் ஆற்றல். மராத்தியில் அதே 'சக்தி' திறனைக் குறிக்கிறது. சொல்தான் சிக்கல் என்றால், இத்தனை வகைச் சொல்லமைப்புகளில் ஏதேனும் ஒன்றிலாவது குழப்பம் மறைந்திருக்க வேண்டும். ஆங்கிலமே தாய்மொழியாக உள்ள அமெரிக்க மாணவர்களிடம் ஹெஸ்டினஸ் குழுவினர் 1992இல் வெளியிட்ட விசைக் கருத்துத் தேர்வு நடத்தப்பட்டபோதும், உருளும் பந்தின் மீது இயக்கத்தின் திசையில் ஒரு விசை இருந்துகொண்டே இருக்கும் என்ற அதே தவறான விடைதான் திரும்பத் திரும்ப வந்தது.

சிக்கல் சொல்லில் இல்லை, தொடரில் இருக்கிறது. ஒரு மாதிரி: 'உராய்வற்ற கிடைத்தளத்தின் மீது ஓய்வுநிலையில் வைக்கப்பட்டுள்ள 2 கிலோகிராம் நிறையுடைய பொருளின் மீது 10 நியூட்டன் விசை 3 நொடிகளுக்குச் செயல்படுத்தப்படும்போது அப்பொருள் அடையும் திசைவேகம் யாது?' இப்படி எந்தத் தமிழரும் பேசுவதில்லை. எந்த நல்ல உரைநடையாளரும் எழுதுவதுமில்லை. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் முதலில் வந்துவிடும், அடைகள் பின்னால் தொங்கும். தமிழில் அடையெல்லாம் முன்னால் வந்து குவியும். பொருள் எது என்று தெரிவதற்குள் தளம், உராய்வு, ஓய்வு, நிறை என நான்கு செய்திகளை ஏந்திக்கொண்டு படிப்பவர் காத்திருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் ஆங்கில வாக்கியத்தின் மூட்டையைப் பிரிக்காமல் அப்படியே தமிழ் வாக்கியத்தின் தலையில் ஏற்றிவிட்டார். அதன்மேல் 'செயல்படுத்தப்படும்' என்ற செயப்பாட்டுவினை வேறு. யார் தள்ளுகிறார்கள்? எது தள்ளுகிறது? விசை என்பது ஒன்று மற்றொன்றின் மீது செலுத்துவது என்பதுதான் மூன்றாம் விதியின் உயிர். கணக்கின் முதல் வரியே அந்த ஒன்றை மறைத்துவிடுகிறது.

இதையே இப்படிச் சொல்லலாம்: 'வழவழப்பான மேசை ஒன்று. அதன்மேல் 2 கிலோகிராம் கட்டை அசையாமல் கிடக்கிறது. ஒருவர் அதை 10 நியூட்டன் விசையோடு 3 நொடி தள்ளிவிட்டுக் கையை எடுத்துவிடுகிறார். கையை எடுத்த நொடியில் கட்டையின் வேகம் என்ன? அதற்கு ஒரு நொடி கழித்து?' முதல் கேள்விக்கு விடை நொடிக்கு 15 மீட்டர். இரண்டாவதற்கும் அதேதான். சூத்திரம் மட்டும் தெரிந்தவர் இரண்டாவதில் 20 என்று எழுதுவார், அல்லது 'கை எடுத்தாயிற்றே' என்று குறைத்து எழுதுவார். பழைய வாக்கியத்தில் இந்தப் பிழை வெளிவர வழியே இல்லை.

தமிழ் இலக்கண வகுப்பில் கற்பிக்கப்பட்டு, அறிவியல் வகுப்பின் வாசலிலேயே கைவிடப்படும் கருவி ஒன்று இருக்கிறது: தன்வினையும் பிறவினையும். உருள், உருட்டு. நகர், நகர்த்து. சுழல், சுழற்று. நில், நிறுத்து. மராத்தியிலும் நிற்பது தாம்ப்ணே, நிறுத்துவது தாம்பவ்ணே. லியனார்டு டால்மி 1988இல் விசையியக்கம் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பின், மொழிகள் தள்ளுதலையும் தடுத்தலையும் விடுதலையும் இலக்கணத்துக்குள் எப்படிப் பொதிந்துவைத்திருக்கின்றன என்பது மொழியியலில் நன்கு உழுத நிலம். பந்தை உருட்டினான், கை விலகியது, உருட்டுதல் முடிந்தது, உருளுதல் தொடர்கிறது. முதல் விதிக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் எது? சாகண் சந்தையிலிருந்து கிளம்பும் வெங்காய லாரியின் ஓட்டுநர் திடீரென்று பிரேக் போடுகிறார். லாரியின் வேகம் நொடிக்கு நொடி 5 மீட்டர் குறைகிறது. மூட்டைக்கும் தளத்துக்கும் இடையிலான உராய்வுக் குணகம் 0.4 என்றால், உராய்வால் மூட்டையின் வேகத்தை நொடிக்கு 4 மீட்டருக்குச் சற்றுக் குறைவாகத்தான் குறைக்க இயலும். மூட்டை முன்னால் சரிகிறது. அதை முன்னால் தள்ளியது யார்? யாருமில்லை. லாரிதான் நிறுத்தப்பட்டது, மூட்டை போதிய அளவு நிறுத்தப்படவில்லை. 'சரிந்தது' தன்வினை, 'நிறுத்தப்பட்டது' பிறவினையின் பிள்ளை. இரண்டையும் பிரித்து எழுதத் தெரிந்த மாணவர், முன்நோக்கிய விசை என்று இல்லாத அம்புக்குறியைப் படத்தில் வரையமாட்டார்.

தமிழ் இலக்கணம் தெரிந்தால் நியூட்டன் தானாக வந்துவிடுவார் என்ற பெருமிதத்துக்கும் இங்கே இடமில்லை. பழந்தமிழிலேயே விசை என்றால் வேகமும் உண்டு, வில்லின் துள்ளலும் உண்டு, பொறியும் உண்டு. விசையாக ஓடினான் என்று சொல்லும் மொழி, விசையையும் வேகத்தையும் குழப்பும் மாணவருக்குச் சாட்சியாகவே நிற்கிறது. அதை வகுப்பில் வெளிப்படையாகப் பேச வேண்டும் என்பதற்கும் அதுவே காரணம்.

2018இல் நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களில் பிழை இருப்பதாக வழக்குத் தொடரப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வினாவுக்கு நான்கு வீதம் 196 மதிப்பெண் வழங்க ஜூலையில் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் முதலில் தடை விதித்து, நவம்பரில் அவ்வுத்தரவை ரத்து செய்தது. விவாதம் முழுதும் தவறிய சொற்களைச் சுற்றியும் மதிப்பெண்ணைச் சுற்றியுமே நடந்தது. ஐயம் எழுந்தால் ஆங்கில மூலமே இறுதி என்ற விதி அப்படியே நின்றது. மொழிபெயர்ப்பு பிழையில்லாமல் இருந்தால்கூட அந்த வாக்கியங்கள் படிக்கத்தக்கவையா என்று கேட்க வேண்டிய மொழித்துறைகள், வழக்கம்போல, தேர்வு தங்கள் பொருளல்ல என்று இருந்துவிட்டன. இது மொழித்துறைகளின் மீதான குற்றச்சாட்டுதான்; மென்மைப்படுத்தத் தேவையில்லை.

எதிர்வாதம் ஒன்றை மதிக்க வேண்டும். அந்தத் தேர்வில் 180 நிமிடங்களில் 180 வினாக்கள். நிமிடத்துக்கு ஒரு வினா என்னும்போது யார் தள்ளினார், எது சரிந்தது என்று எழுதிக்கொண்டிருக்க முடியாது. முதல் தலைமுறையாகப் படிக்க வரும் குடும்பத்துக்கு அந்த மதிப்பெண்ணே ஊரைவிட்டு வெளியேறும் பேருந்துச் சீட்டு. உண்மை. ஆகவே தேர்வுக்கு முந்தைய மாதங்களில் வேகப் பயிற்சி நடக்கட்டும். ஆனால் அதை ஆறாம் வகுப்பிலேயே தொடங்கி, அதற்கு இயற்பியல் என்று பெயரும் வைத்து, ஐயம் கேட்பவரை மந்தம் என்று முத்திரை குத்துவதற்கு எந்த நிமிடக் கணக்கும் நியாயமாகாது. கைப்பேசியால் வினாவைப் படமெடுத்தால் தீர்வு வந்துவிழும் இக்காலத்தில், தீர்வை நகலெடுக்கும் வீட்டுப்பாடத்துக்கு மதிப்பெண் போடும் ஆசிரியர் யாரைச் சோதிக்கிறார் என்பதும் தெளிவாக இல்லை.

சாகணில் பாலிடெக்னிக்கோ ஐ.டி.ஐ.யோ முடிப்பவர்களில் பலர் போய்ச் சேர்வது பெரிய ஆலைகளுக்கு அல்ல. அவற்றுக்கு உதிரிபாகம் செய்துதரும் சிறு பட்டறைகளுக்கு. அங்கே தகட்டை வெட்டி வளைப்பது பவர் பிரஸ். 'சேஃப் இன் இந்தியா' அமைப்பு 2019 முதல் வெளியிட்டுவரும் அறிக்கைகள், வாகன உதிரிபாகத் தொழிலில் கை நசுங்கி விரல் இழப்பவர்களைப் பற்றியவை. ஹரியானாவோடு புணேப் பகுதியும் அவற்றில் இடம்பெறுகிறது. விபத்துகளின் முதன்மைக் காரணங்களுள் ஒன்று பவர் பிரஸ். அந்த எந்திரத்தில் ஆற்றல் சுழலும் ஃப்ளைவீலில் சேமிக்கப்பட்டிருக்கிறது. மோட்டாரை அணைத்தாலும் சக்கரம் நிற்பதில்லை. நிறுத்து என்பது வேறு, நில் என்பது வேறு. பழைய வகைக் கிளட்ச் உள்ள எந்திரத்தில் மிதியை ஒருமுறை அழுத்திவிட்டால் முழுச் சுற்று முடியும்வரை மேல்தலையைத் தடுக்கவே வழியில்லை. எனவே அதற்கு ஒளித்திரைப் பாதுகாப்பு பொருத்துவதும் வீண். இடையில் நிறுத்தத்தக்க எந்திரம் என்றால், ஒளித்திரையை எவ்வளவு தள்ளி வைப்பது? சர்வதேசத் தரநிலைகள் கை நெருங்கும் வேகத்தை நொடிக்கு 1.6 முதல் 2 மீட்டர் என்று கொள்கின்றன. எந்திரம் நிற்க 0.2 நொடி எடுத்தால், 2 மீட்டர் வேகத்துக்குக் குறைந்தது 40 சென்டிமீட்டர். பிரேக் தேய்ந்து 0.3 நொடி ஆகிவிட்டால் 60. திரையோ பழைய இடத்திலேயே, 40 சென்டிமீட்டரில் பொருத்தப்பட்டிருக்கிறது.

பெருக்கல் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கே வரும். பிரேக் தேய்ந்தால் எந்த எண் மாறும் என்று பட்டறையில் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். கேட்டதை மேற்பார்வையாளரிடம் ஒரு முழு வாக்கியமாகச் சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுப்பாடத்தில் எட்டு ஆண்டுகள் அவரிடம் கேட்கப்பட்டதெல்லாம் உராய்வற்ற தளத்தின் மீது ஓய்வுநிலையில் வைக்கப்பட்டுள்ள பொருளைப் பற்றித்தான்.